45385க்குப் பின்னால் என்ன இருக்கிறது? மருத்துவமனைப் பதிவுகளும் பெருங்குடல் புற்றுநோய் ஆய்வும்

அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் கணினியில் ஒரே ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நோயாளியின் எண், ஒரு தேதி, மருத்துவரின் எண், அப்புறம் 45385. அவ்வளவுதான். அங்கே பில் போடும் பிரிவில் யாரைக் கேட்டாலும் அந்த ஐந்து இலக்கத்துக்குப் பொருள் சொல்லிவிடுவார்கள்: கொலோனோஸ்கோபி செய்து, அதாவது கேமரா வைத்த குழாயைப் பெருங்குடலுக்குள் விட்டுப் பார்த்து, உள்ளே இருந்த பாலிப் என்ற சதை மொட்டைக் கம்பிச் சுருக்குப் போட்டு எடுத்திருக்கிறார்கள்.

சரி, அந்த மனிதர் அன்றைக்கு எதற்காக வந்தார்? வயது 50 ஆகிவிட்டது, ஒருமுறை பார்த்துவிடலாம் என்று வந்தாரா? மலத்தில் ரத்தம் போகிறதே என்று பயந்துபோய் வந்தாரா? ஐந்து வருடத்துக்கு முன்பு எடுத்த பாலிப் மறுபடி முளைத்திருக்கிறதா என்று பார்க்க வந்தாரா? அந்த எண் சொல்லாது. மூன்று பேருக்கும் அதே 45385தான். இப்படிப்பட்ட வரிகளை லட்சக்கணக்கில் அள்ளி ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு முதல் தலைவலி இதுதான். கடைசித் தலைவலியும் ஏறக்குறைய இதுவேதான்.

நோயைப் பற்றி முதலில் கொஞ்சம். பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் திடீரென்று வருவதில்லை. குடலின் உட்சுவரில் சின்ன மொட்டு போல ஒரு பாலிப் வளர்கிறது. அவற்றில் அடினோமா என்ற வகை மெல்ல மெல்ல, பல சமயம் பத்து வருடத்துக்கும் மேலாக எடுத்துக்கொண்டு, புற்றுநோயாக மாறக்கூடும். எல்லா அடினோமாவும் மாறுவதில்லை. ஆனால் எது மாறும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததால் கண்ணில் பட்டதை எடுத்துவிடுகிறார்கள். இதனால் இந்த நோய்க்கு ஒரு வசதி உண்டு. பரிசோதனை நோயைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதோடு, வரவிருந்த நோயை வராமலே தடுக்கவும் செய்யும்.

அமெரிக்காவில் அதிகம் புழங்கும் வழிகள் இரண்டு. ஒன்று, வீட்டிலிருந்தே மல மாதிரியை எடுத்து அனுப்புவது. கண்ணுக்குத் தெரியாத ரத்தம் அதில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வருடத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும். ஃபிட் என்று இதைச் சொல்கிறார்கள். ஃபிட்டில் ரத்தம் தெரிந்தால் அடுத்து கொலோனோஸ்கோபி. இன்னொன்று, நேராகவே கொலோனோஸ்கோபி செய்துகொள்வது. எல்லாம் சரியாக இருந்தால் பத்து வருடத்துக்கு மறுபடி வேண்டாம்.

இதில் 'ஸ்கிரீனிங்' என்ற சொல்லை மட்டும் கவனமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். எந்தத் தொந்தரவும் இல்லாத ஒருவருக்குச் செய்வதுதான் ஸ்கிரீனிங். வயிற்றுவலி, ரத்தப்போக்கு, காரணம் தெரியாத ரத்தசோகை என்று வந்தவருக்குச் செய்தால் அது நோயறியும் சோதனை. அதே குழாய், அதே மருத்துவர், அதே அறை. ஆனால் ஆய்வாளருக்கு இந்த இரண்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

பதிவு யாருக்காக எழுதப்பட்டது?

நம்மில் பலருக்கு மருத்துவப் பதிவு என்றால் பிளாஸ்டிக் கவரில் திணித்து வைத்த பழைய ரிப்போர்ட்டுகள்தான். டாக்டர் "பழைய ஸ்கேன் இருக்கா?" என்று கேட்டால் கவரைக் கவிழ்த்துத் தேட வேண்டும். அமெரிக்காவிலும் வெகுகாலம் காகிதக் கோப்புகள்தான் இருந்தன. 2009ல் வந்த ஒரு சட்டம், கணினிப் பதிவுக்கு மாறும் மருத்துவர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் அரசுப் பணத்தை ஊக்கத்தொகையாகக் கொடுத்தது. அதற்குப் பிறகு சில வருடங்களுக்குள் பெரும்பாலான மருத்துவமனைகள் மாறிவிட்டன. நோயாளி வந்த தேதிகள், நோய்க் குறியீடுகள், ரத்தப் பரிசோதனை எண்கள், மருந்துச் சீட்டு, மருத்துவர் தட்டச்சு செய்த குறிப்பு, பயாப்ஸி ரிப்போர்ட் எல்லாம் ஒரே நோயாளி எண்ணின் கீழ் வந்து சேர்ந்தன.

ஆராய்ச்சியாளர்களுக்கு இது புதையல். ஆனால் புதையலைப் புதைத்தவர் இவர்களை நினைத்துப் புதைக்கவில்லை. மருத்துவர் அடுத்த முறை நினைவு வைத்துக்கொள்வதற்காக எழுதினார். பில் பிரிவு காப்பீட்டுப் பணம் வாங்குவதற்காக எழுதியது. பின்னாளில் வழக்கு ஏதாவது வந்தால் காட்டுவதற்காகவும் சில வரிகள் எழுதப்பட்டிருக்கும். ஆகவே ஒவ்வொரு வரியையும் பார்த்து, 'இது ஏன் இங்கே இருக்கிறது?' என்று கேட்டாக வேண்டும். இல்லாத வரியைப் பார்த்து, 'ஏன் இல்லை?' என்றும் கேட்க வேண்டும். இந்தத் துறையின் பாதிச் சாமர்த்தியம் இந்த இரண்டு கேள்விகளில் அடங்கிவிடும் என்பது என் எண்ணம். மீதிப் பாதி புள்ளியியல்.

ஒரு நல்ல உதாரணம்

இப்படிப்பட்ட ஆய்வுகளில் அடிக்கடி அடிபடும் பெயர் கைசர் பெர்மனென்டே என்ற அமெரிக்க மருத்துவ அமைப்பு. குறிப்பாக அதன் வட கலிபோர்னியா பிரிவு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ரிச்மண்டில் ஹென்றி கைசரின் கப்பல் கட்டும் தளங்களில் வேலை செய்த தொழிலாளர்களுக்காக மருத்துவர் சிட்னி கார்ஃபீல்ட் நடத்திய திட்டம் அது. 1945ல் பொதுமக்களுக்கும் திறந்துவிட்டார்கள். இன்று வட கலிபோர்னியாவில் மட்டும் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். காப்பீடு, மருத்துவமனை, மருத்துவர், பரிசோதனைக்கூடம், மருந்துக்கடை எல்லாம் ஒரே குடையின் கீழ். ஒருவர் எங்கே போனாலும் அதே எண்ணில் பதிவாகும். புற்றுநோய் வந்தவர்களின் தனிப்பதிவேடும் அவர்களிடம் உண்டு. காப்பீடு ஒருவரிடம், மருத்துவமனை இன்னொருவரிடம், பரிசோதனைக்கூடம் மூன்றாமவரிடம் என்று சிதறிக் கிடக்கும் அமெரிக்காவில் இது அபூர்வம்.

அங்கிருந்து 2014ல் டக்ளஸ் கோர்லி குழுவினர் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். கேள்வி எளிமையானது: கொலோனோஸ்கோபி செய்யும் மருத்துவருக்கு மருத்துவர் கைத்திறன் மாறுமே, அந்த வித்தியாசம் நோயாளியின் உயிரைத் தொடுகிறதா?

திறனை அளக்க ஒரு எண் வைத்திருந்தார்கள். ஒரு மருத்துவர் செய்யும் ஸ்கிரீனிங் கொலோனோஸ்கோபிகளில் நூற்றுக்கு எத்தனையில் ஒரு அடினோமாவாவது கண்டுபிடிக்கிறார் என்பதே அது. இதற்கு அடினோமா கண்டறிதல் விகிதம் என்று பெயர். 1998 முதல் 2010 வரை 136 மருத்துவர்கள் செய்த 3,14,872 கொலோனோஸ்கோபிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு மருத்துவரின் விகிதம் 7.4 சதவீதம். இன்னொருவருடையது 52.5. ஒரே அமைப்பு, ஒரே கருவிகள், ஒரே ஊர்க்காரர்கள். இவ்வளவு இடைவெளி! குடலின் ஒவ்வொரு மடிப்பையும் விலக்கி நிதானமாகப் பார்ப்பவர் ஒருவர், விறுவிறுவென்று முடிப்பவர் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். காரணங்கள் வேறும் இருக்கலாம்.

அப்புறம் அந்த நோயாளிகளுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள். பரிசோதனைக்குப் பின் 6 மாதத்திலிருந்து 10 வருடத்துக்குள் 712 பேருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தது. அவர்களில் 147 பேர் அதனால் இறந்தார்கள். முதல் 6 மாதத்தை ஏன் விட்டார்கள்? அந்தக் காலத்தில் உறுதியான புற்றுநோய் பெரும்பாலும் அதே பரிசோதனையில் கண்ணில் பட்டதுதான். அதை 'தவறவிட்டது' என்று மருத்துவர் தலையில் கட்டக்கூடாது. மருத்துவரின் விகிதம் ஒவ்வொரு சதவீதப் புள்ளி கூடும்போதும், நோயாளிக்குப் பின்னால் புற்றுநோய் வரும் அபாயம் 3 சதவீதம் குறைந்தது. உயிர் போகும் அபாயம் 5 சதவீதம் குறைந்தது.

இதைச் சோதனை முறையில் செய்திருக்க முடியுமா? 'உங்களைச் சீட்டுக் குலுக்கி, வேண்டுமென்றே திறன் குறைந்த மருத்துவரிடம் அனுப்பப் போகிறோம்' என்று யாரிடமாவது கையெழுத்து வாங்க முடியுமா? பத்து வருடம் காத்திருக்கத்தான் முடியுமா? நடந்து முடிந்ததை நிதானமாக எண்ணிப் பார்ப்பதுதான் வழி. இந்த ஆய்வு எனக்குப் பிடித்திருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நோயாளிகளுக்குத் தங்கள் மருத்துவரின் விகிதம் 7ஆ, 52ஆ என்று தெரியாது. தெரிந்து தேர்ந்தெடுக்கவில்லை என்பதால் இரண்டு பக்க நோயாளிகளும் பெரிதாக வேறுபட்டிருக்க வாய்ப்பில்லை. சீட்டுக் குலுக்காமலே சீட்டுக் குலுக்கியதற்குக் கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. எல்லாக் கேள்விகளுக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. கீழே வருவது முழுக்க அதைப் பற்றித்தான்.

அடினோமா என்று யார் சொன்னது?

மேலே 'அடினோமா கண்டுபிடித்தார்' என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். குழாய் வழியாகப் பார்க்கும்போது மருத்துவருக்குத் தெரிவது ஒரு மொட்டுதான். அது அடினோமாவா, வெறும் சதை மடிப்பா என்று நுண்ணோக்கியில் பார்த்த பிறகு பயாப்ஸி ரிப்போர்ட் சொல்லும். அந்த ரிப்போர்ட் பெரும்பாலும் வாக்கியங்களாக இருக்கும், எண்ணாக இருக்காது. 'ஏறுகுடலில் எடுத்த துண்டு: அடினோமா, இரண்டு துணுக்குகள்' என்று ஒன்று. 'அடினோமா இல்லை' என்று இன்னொன்று. 'முன்பு அடினோமா எடுத்ததாகத் தெரிகிறது. இந்தத் துண்டு இயல்பானது' என்று மூன்றாவது. வெறுமனே 'அடினோமா' என்ற சொல்லைத் தேடினால் மூன்றும் மாட்டும். உண்மையில் கணக்கில் சேர வேண்டியது முதலாவது மட்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கொலோனோஸ்கோபி ரிப்போர்ட் ஒரு கோப்பில், பயாப்ஸி ரிப்போர்ட் மூன்று நாள் கழித்து வேறொரு கோப்பில். மருத்துவர் 'ஜாடி 2, இறங்குகுடல்' என்று எழுதியதை, பரிசோதனைக்கூடம் 'துண்டு ஆ' என்று எழுதியிருக்கும். இரண்டையும் முடிச்சுப் போட வேண்டும். இதற்காக வாக்கியத்தைப் படிக்கும் நிரல்களை 2010களின் முற்பகுதியிலேயே எழுதத் தொடங்கிவிட்டார்கள். அமெரிக்க முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனைகளிலும் இந்த வேலை நடந்தது. 'இல்லை', 'முன்பு', 'சந்தேகம்' போன்ற சொற்கள் பக்கத்தில் இருக்கின்றனவா என்று பார்க்கும் விதிகள்தான் அன்று அதிகம். இப்போது பெரிய மொழி மாதிரிகளையும் பயன்படுத்துகிறார்கள்.

எந்த நிரலாக இருந்தாலும் சரிபார்க்கும் முறை பழைய முறைதான். சில நூறு ரிப்போர்ட்டுகளை எடுத்து, விஷயம் தெரிந்த இரண்டு பேர் ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் படித்துக் குறிப்பார்கள். இருவரும் முரண்பட்டால் மூன்றாமவர் தீர்ப்பு சொல்வார். அந்த விடையோடு நிரலின் விடையை ஒப்பிடுவார்கள். சலிப்பூட்டும் வேலை. ஒரு ஆய்வுக் கட்டுரையைப் படிக்கும்போது இந்தப் பகுதி இருக்கிறதா என்று நான் முதலில் தேடுவேன். இல்லையென்றால் மீதிப் படிப்பைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் தொடர்வேன்.

குடையும் மழையும்

இப்போது அந்த 45385க்கு வருவோம். ஸ்கிரீனிங்கையும் நோயறியும் சோதனையையும் பிரிக்காமல் எண்ணினால் என்ன ஆகும்?

பெருங்குடல் புற்றுநோய் உறுதியான நோயாளிகளின் பதிவைப் புரட்டினால், அதற்குச் சில நாட்களுக்கு முன் பெரும்பாலும் எல்லோருக்கும் ஒரு கொலோனோஸ்கோபி இருக்கும். ஏனென்றால் நோயை உறுதி செய்ததே அதுதான். வரிகளை மட்டும் பார்க்கும் கணினிக்கு, கொலோனோஸ்கோபி செய்தவர்களுக்குத்தான் புற்றுநோய் வருகிறது என்று தோன்றும். குடை பிடித்தவன் இருக்கும் இடத்தில்தான் மழை பெய்கிறது, ஆகவே குடைதான் மழைக்குக் காரணம் என்று எழுதி வைப்பது போல.

நோய்க் குறியீட்டைப் பார்த்துப் பிரிக்கலாமே? பிரிக்கலாம், ஓரளவுக்கு. அறிகுறியில்லாதவருக்குக் குடல் புற்றுநோய்ப் பரிசோதனை என்பதற்கு அமெரிக்காவில் இசட்12.11 என்றொரு குறியீடு உண்டு. 2015 அக்டோபர் 1க்கு முன்பு அதுவே வி76.51; அன்றைக்கு நாடு முழுவதும் குறியீட்டு முறையே மாறியது. பழைய பதிவையும் புதிய பதிவையும் சேர்த்து ஆராய்கிறவர்களுக்கு அந்தத் தேதி மனப்பாடம்.

ஆனால் குறியீட்டைப் போடுகிறவர் பில்லை மனதில் வைத்துப் போடுகிறார். 2010ல் வந்த சுகாதாரச் சட்டத்துக்குப் பிறகு ஸ்கிரீனிங் என்றால் நோயாளி பெரும்பாலும் கையிலிருந்து பணம் கொடுக்க வேண்டாம். நோயறியும் சோதனை என்றால் கொடுக்க வேண்டியிருக்கலாம். லேசான மலச்சிக்கலோடு வந்த ஒரு 55 வயதுக்காரருக்கு எந்தக் குறியீடு போடுவார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். யாரும் ஏமாற்றவில்லை. அவருக்கு ஸ்கிரீனிங்குக்கும் நேரம் வந்துவிட்டது, இரண்டும் உண்மைதான். முதல் குறியீடாக ஒன்றைத்தான் போட முடிகிறது.

அதனால் நல்ல ஆய்வுகள் ஒரே குறியீட்டை நம்புவதில்லை. முந்தைய சில மாதங்களில் ரத்தசோகை இருந்ததா, ரத்தப்போக்கு என்று எங்காவது குறிப்பு இருந்ததா, ஃபிட் செய்து ரத்தம் தெரிந்திருந்ததா என்று பின்னோக்கிப் போய்ப் பார்ப்பார்கள். கொலோனோஸ்கோபி ரிப்போர்ட்டின் தலைப்பில் 'காரணம்' என்ற இடத்தில் மருத்துவர் என்ன எழுதினார் என்றும் படிப்பார்கள்.

பரிசோதனைக்கு வருகிறவர் யார்?

பிரித்தாயிற்று என்றே வையுங்கள். இப்போது கையில் சுத்தமான ஸ்கிரீனிங் பட்டியல். செய்துகொண்டவர்களையும் செய்யாதவர்களையும் ஒப்பிட்டு, எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று சொல்லிவிடலாமா?

அதற்குள் அவசரம் வேண்டாம். எந்தத் தொந்தரவும் இல்லாதபோது, முந்தைய நாள் பட்டினி கிடந்து, பேதி மருந்து குடித்து, ஒரு நாள் லீவு போட்டு வந்து கொலோனோஸ்கோபி செய்துகொள்கிறவர் எப்படிப்பட்டவர்? அவர் புகை பிடிப்பது குறைவாக இருக்கும். நடைப்பயிற்சி செய்வார். மாத்திரையை வேளைக்குப் போடுவார். லீவு கிடைக்கும் வேலையில் இருப்பார். பரிசோதனையே செய்யாவிட்டாலும் அவருக்கு நோய் கொஞ்சம் குறைவாகத்தான் வந்திருக்கும். அந்தப் புண்ணியத்தையும் சேர்த்துக் குழாயின் கணக்கில் எழுதிவிடக்கூடாது.

டூபெனி (Chyke Doubeni) குழுவினர் 2018ல் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் நான்கு பெரிய மருத்துவ அமைப்புகளின் பதிவுகள். பெருங்குடல் புற்றுநோயால் இறந்த 1,747 பேரை, அந்தப் புற்றுநோய் இல்லாத 3,460 பேரோடு ஒப்பிட்டார்கள். ஸ்கிரீனிங் கொலோனோஸ்கோபி செய்திருந்தவர்களுக்கு இந்நோயால் இறக்கும் அபாயம் 67 சதவீதம் குறைவு என்று வந்தது.

நான்கு வருடம் கழித்து, 2022ல், போலந்து, நார்வே, ஸ்வீடன் நாடுகளில் நடந்த நோர்டிக் என்ற சோதனையின் முடிவு வெளியானது. மொத்தம் 84,585 பேர். சீட்டுக் குலுக்கி மூன்றில் ஒரு பங்கினரைக் கொலோனோஸ்கோபிக்கு அழைத்தார்கள், மீதிப் பேரை அழைக்கவில்லை. பத்து வருடத்தில் புற்றுநோய் வந்தவர்கள்: அழைக்கப்பட்டவர்களில் 0.98 சதவீதம், அழைக்கப்படாதவர்களில் 1.20. அபாயம் 18 சதவீதம்தான் குறைந்தது. இறப்பில் தெளிவான வித்தியாசமே தெரியவில்லை. 67 எங்கே, 18 எங்கே என்று பத்திரிகைகளில் ஒரே அமளி.

இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்ப்பது தவறு. முதலாவது, பரிசோதனையைச் செய்துகொண்டவர்களின் இறப்பைப் பற்றியது. இரண்டாவதில் வரும் 18, அழைப்பு வந்தவர்களுக்கு நோய் வருவதைப் பற்றியது. அழைத்தவர்களில் வந்து செய்துகொண்டவர்கள் 42 சதவீதம் பேர்தான். கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்த எல்லோரையும் பந்தியில் சாப்பிட்டவர்களாகக் கணக்கெடுத்தால் எப்படி இருக்கும்? 'அழைத்த எல்லோரும் வந்திருந்தால்?' என்று சோதனைக்காரர்களே திருத்திக் கணக்கிட்டபோது, நோய் வருவது 31 சதவீதமும் இறப்பு 50 சதவீதமும் குறைந்திருக்கும் என்று வந்தது. அந்தத் திருத்தம் சீட்டுக் குலுக்கலின் பாதுகாப்பைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் கிடைக்கிறது. இறப்புகள் மெதுவாகத்தான் நடக்கும். பத்து வருடம் அதற்குக் குறைவு என்பதும் உண்மை. இருந்தாலும் 67க்கும் 50க்கும் நடுவில் உள்ள இடைவெளியில், நடைப்பயிற்சிக்காரர்களின் புண்ணியமும் ஒரு பங்கு இருக்கக்கூடும் என்றே நினைக்கிறேன்.

இலவசமாகச் சேரும் ஆயுள்

இன்னொரு பொறி, இதைவிட நுட்பமானது. 2000ல் 50 வயதான இரண்டு பேரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 2008ல் ஸ்கிரீனிங் செய்துகொண்டார். இன்னொருவர் செய்யவே இல்லை. பட்டியல் போடும்போது முதல் ஆளை 2000லிருந்தே 'செய்துகொண்டவர்' என்ற கட்டத்தில் போட்டுவிட்டால்? 2000 முதல் 2008 வரை அவருக்குப் புற்றுநோய் வந்திருக்கவே முடியாது. வந்திருந்தால் அவர் ஸ்கிரீனிங்குக்கே வந்திருக்க மாட்டார், அல்லது உயிரோடே இருந்திருக்க மாட்டார். ஆகவே எந்தப் பரிசோதனையும் நடக்காத அந்த எட்டு வருடமும் நோயில்லாத காலமாகப் பரிசோதனையின் வரவில் சேர்ந்துவிடும். கணக்கில் பிழை எதுவும் தெரியாது. பெருக்கல், வகுத்தல் எல்லாம் சரியாக இருக்கும். விடை மட்டும் பொய்.

இதைத் தவிர்க்க மிகுவேல் ஹெர்னானும் ஜேம்ஸ் ராபின்ஸும் 2016ல் ஒரு வழியை ஒழுங்காக வகுத்துச் சொன்னார்கள். பதிவைத் தொடுவதற்கு முன்பே, உன்னால் முடிந்திருந்தால் எந்தச் சோதனையை நடத்தியிருப்பாய் என்று காகிதத்தில் எழுது. யாரைச் சேர்ப்பாய், எந்த நாளில் கடிகாரத்தை ஓடவிடுவாய், இரண்டு பக்கமும் என்ன செய்ய வேண்டும், எப்போது நிறுத்துவாய்? அப்புறம் பதிவிலிருந்து அந்தச் சோதனையை ஒத்திகை பார். சேர்க்கும் நாள், பக்கம் பிரிக்கும் நாள், கடிகாரம் ஓடத் தொடங்கும் நாள் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் இதன் உயிர்நாடி. எட்டு வருட இலவசம் அங்கேயே அடிபட்டுப் போகும்.

இந்த முறையில் சேவியர் கார்சியா அல்பேனிஸ், ஹெர்னான் முதலியோர் முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டின் பில் தகவல்களை எடுத்து, 70 முதல் 79 வயதுவரை உள்ள 13 லட்சத்துக்கும் அதிகமானவர்களை ஆராய்ந்து 2017ல் வெளியிட்டார்கள். பொதுவாகச் சோதனைகளில் சேர்க்காத வயது அது. 70 முதல் 74 வயதுக்காரர்களில், செய்துகொண்டால் எட்டு வருடத்தில் புற்றுநோய் வரும் அபாயம் 2.19 சதவீதம், செய்யாவிட்டால் 2.62. 75 முதல் 79 வயதுக்காரர்களில் செய்துகொண்டால் 2.84, செய்யாவிட்டால் 2.97. அதாவது 75ஐத் தாண்டினால் பலன் சொற்பமாகிவிடுகிறது. ஒரு தாத்தா தன் மருத்துவரிடம் 'எனக்கு இனி வேண்டுமா?' என்று கேட்டால் பதில் சொல்ல உதவும் எண் இது.

இல்லாத வரிகள்

இதுவரை இருக்கும் வரிகளைப் பேசினோம். இல்லாதவை இன்னும் விசித்திரமானவை. ஒருவருடைய பதிவில் கொலோனோஸ்கோபியே இல்லையென்றால் அவர் செய்யவில்லை என்று அர்த்தமா? போன வருடம்தான் வேறு காப்பீட்டிலிருந்து இங்கே மாறியிருப்பார். பழைய இடத்தில் செய்திருப்பார். அதேபோல் கடைசி ஐந்து வருடமாக ஒரு வரியும் இல்லையென்றால் ஆரோக்கியமாக இருக்கிறாரா, வேலை மாறி வேறு ஊருக்குப் போய்விட்டாரா, இறந்தே போனாரா? அதனால்தான் குறிப்பிட்ட காலம் தொடர்ந்து உறுப்பினராக இருந்தவர்களை மட்டும் சேர்ப்பது, அரசின் இறப்புப் பதிவோடு இணைப்பது என்றெல்லாம் செய்கிறார்கள். கைசர் போன்ற இடங்களை ஆய்வாளர்கள் விடாமல் பிடித்துக்கொள்வதும் இதற்காகத்தான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது குடலைப் பற்றியதே அல்லாத ஒரு ஆய்வு. பாஸ்டனில் இரண்டு மருத்துவமனைகளின் பதிவுகளை வைத்து 2018ல் வந்தது. பரிசோதனைக்கூடச் சோதனைகளில் 174ஐ எடுத்து, ஒருவர் பிழைப்பாரா என்று எதை வைத்துக் கணிப்பது சுலபம் என்று பார்த்தார்கள். 118 சோதனைகளில், வந்த விடையைவிட, அந்தச் சோதனை எப்போது எழுதப்பட்டது என்பதே நன்றாகக் கணித்தது! யோசித்தால் நியாயம்தான். ராத்திரி 3 மணிக்கு ஒருவருக்கு ரத்தம் எடுக்கிறார்கள் என்றால் அவர் நிலைமை என்னவென்று விடை வருவதற்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடுகிறதே.

ரத்தப் பரிசோதனை எண்களை வைத்துக் குடல் புற்றுநோயை முன்கூட்டியே மோப்பம் பிடிக்கும் நிரல்களுக்கும் இது பொருந்தும். இஸ்ரேலில் சுமார் 6 லட்சம் பேரின் பதிவுகளை வைத்து அப்படி ஒன்றைச் செய்து 2016ல் வெளியிட்டார்கள். வயது, பாலினம், சாதாரண ரத்த அணுக்கள் எண்ணிக்கை, இவை போதும். குடலில் உள்ள கட்டி மெல்லக் கசிய, ஹீமோகுளோபின் வருடக்கணக்கில் சிறுகச் சிறுக இறங்கும் என்பதுதான் அடிப்படை. பிரிட்டன் பதிவுகளிலும் சோதித்துப் பார்த்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் ரத்தப் பரிசோதனையே எழுதப்படாதவர் அந்த நிரலின் கண்ணில் படவே மாட்டார். மருத்துவரிடம் அரிதாகப் போகிறவர்தான் ஸ்கிரீனிங்கையும் தவறவிட்டிருப்பார்.

அந்தரங்கம் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்கச் சட்டப்படி பெயர், முகவரி, தொலைபேசி, நாள் வரை துல்லியமான தேதிகள் உட்பட 18 வகை அடையாளங்களை நீக்கினால் அடையாளமற்ற பதிவாக ஏற்கிறார்கள். தேதியை நீக்கினால் குடல் ஆய்வு எப்படி நடக்கும்? சில இடங்களில் ஒவ்வொரு நோயாளிக்கும் எல்லாத் தேதிகளையும் ஒரே அளவு நாட்கள் முன்னே பின்னே தள்ளிவிடுவார்கள். இடைவெளி சரியாக இருக்கும், உண்மைத் தேதி தெரியாது. சட்டம் இறுகினால் என்ன ஆகும் என்பதற்கும் மேலே சொன்ன நோர்டிக் சோதனையே சாட்சி. நெதர்லாந்துக்காரர்களும் அதில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். தகவல் பாதுகாப்புச் சட்டத்தால் அவர்களுடைய பிற்காலத் தகவலை எடுக்க முடியாமல், முடிவில் மூன்று நாடுகளோடு நிறுத்திக்கொண்டார்கள்.

45 வயதுக்காரர்கள்

அமெரிக்காவில் 50 வயதுக்குக் கீழே இருப்பவர்களிடம் இந்த நோய் கூடிக்கொண்டே வருகிறது. அதனால் 2021 மே மாதம் அந்நாட்டின் நோய்த்தடுப்புப் பணிக்குழு, ஸ்கிரீனிங் தொடங்கும் வயதை 50லிருந்து 45ஆகக் குறைத்தது. இந்த முடிவுக்குப் பழைய பதிவுகள் நேரடியாக விடை தந்திருக்குமா? 2021க்கு முன் 47 வயதில் கொலோனோஸ்கோபி செய்தவர் யார்? பெரும்பாலும் ரத்தம் போனவர், அல்லது அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இந்த நோய் இருந்தவர். எந்தத் தொந்தரவும் இல்லாத சாதாரண 47 வயதுக்காரரின் வரி அங்கே அபூர்வம். அதனால் பணிக்குழு கணினி மாதிரிகளின் கணிப்பையும் பெரிதாக நம்ப வேண்டியிருந்தது.

அந்த வரிகள் இப்போதுதான் எழுதப்பட்டுக்கொண்டிருக்கின்றன. 2021ல் 45 வயதில் வந்தவருக்குப் பத்து வருடம் நிறைவது 2031ல். அன்றைக்கு யாரோ ஒரு ஆய்வாளர் அந்தப் பதிவைத் திறப்பார். 45385 என்று இருக்கும். பக்கத்தில் இசட்12.11 என்று ஒருவர் மறக்காமல் போட்டிருந்தால் அவருக்கு வேலை கொஞ்சம் மிச்சம்.